வந்த முதல் கோடையில் வாசிக்க

தம்பி, புலம்பெயர்ந்து வந்து இங்கு முதல் கோடை விடுமுறையைக் காணப்போகும் நீங்கள், கிறிஸ்தவ விசுவாசத்தையும் வாழ்வையும் பற்றி எந்த நூல்களை வாசிக்கலாம் என்றும், அச்சு நூலா கைப்பேசியா, தமிழா ஆங்கிலமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பின்னவை உங்கள் வசதி. முதல் கேள்விக்கு, எதைத் தவிர்க்க வேண்டும் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

விசுவாசித்தால் வேலையும் வதிவுரிமையும் வீடும் தாமாக வந்து சேரும் என்று வாக்களிக்கும் நூல்கள் புதிதாக வந்தவர்களைத் தேடி வரும். வேலையின்றி நான் தவித்த முதல் கோடையில் அப்படியொரு நூலைத் தந்த சபைப் பெரியவர், வேலை கிடைக்காதபோது என் விசுவாசத்தில்தான் குறை என்றார். வாடகைக்கு வழியின்றி நிற்பவனிடம் அவ்வாறு சொல்வது கொடுமை. நம்மவர் கூடுகைகளில் இன்றும் அந்நூல்களே கைமாறுவதைக் காண்கையில் மனம் கொதிக்கிறது.

அன்று எனக்குத் துணைநின்றது வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசி நூலின் 29ஆம் அதிகாரம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களை, விரைவில் ஊர் திரும்பலாம் என்று பொய்த் தீர்க்கதரிசிகள் ஏமாற்றிக்கொண்டிருக்க, வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எரேமியா கடிதம் எழுதுகிறார்; ஊர் திரும்ப 70 ஆண்டுகள் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. அதன் பிறகே இந்நாட்டு மொழியை முறையாகக் கற்றேன். அண்டை வீட்டாரின் பெயர்களைக் கேட்டறிந்தேன். ஆண்டுகள் பல கடந்தும் பெட்டியைப் பிரிக்காமல் வாழும் நம்மவரிடமும் அந்த அதிகாரத்தையே வாசிக்கச் சொல்லிவருகிறேன்.

அடுத்து, ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் 1939இல் வெளியிட்ட, ஆங்கிலத்தில் 'லைஃப் டுகெதர்' எனப்படும் சிறுநூலை வாசியுங்கள். நம் கனவிலுள்ள சபையை நேசிப்பவன் கண்ணெதிரே உள்ள சபையை அழித்துவிடுவான் என்பது அவர் கருத்து. ஊர்ச் சபையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே இங்கு எந்தச் சபையிலும் நிலைக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே 1939இல் பாதுகாப்பான அமெரிக்காவை விட்டு நாடு திரும்பி, 1945இல் ஹிட்லரின் ஆட்சியால் தூக்கிலிடப்பட்டவர் எழுதியது என்பதால் அச்சொற்களுக்குக் கனம் உண்டு.

நீண்ட பகல்களுக்கு, பழங்காலத் திருச்சபை ஆயர் அகுஸ்தினாரின் 'கன்பெஷன்ஸ்' போதும். 13 பகுதிகளில் முதல் 9 அவருடைய வாழ்க்கைக் கதை. மற்றவை கடினமானவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவிலிருந்து மகனைத் தேடி இத்தாலிக்கு வந்த தாய் மோனிக்கா, ஊர் திரும்பும் வழியில் ரோமுக்கு அருகிலுள்ள ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்துபோகிறார். கணவரின் அருகில் அடக்கமாக வேண்டும் என்று நெடுங்காலம் விரும்பியவர், கடவுளுக்கு எந்த இடமும் தொலைவில்லை என்று சொல்லி அவ்விருப்பத்தை விட்டுவிடுகிறார். அந்த ஒன்பதாம் பகுதியை அவசரமின்றி வாசியுங்கள், தம்பி.