அந்த செம்மஞ்சள் பழைய காலத்தோட கலர் இல்ல

வணக்கம் சார்,

அமெரிக்காவோட பழைய நெடுஞ்சாலை ரூட் 66 ஓரமா மூடிக்கெடக்குற மோட்டல் (ரோட்டோர லாட்ஜ்), பெட்ரோல் பங்க் படங்களைப் பார்த்துப் பார்த்து நானும் பிலிம் கேமராவுல அந்த மாதிரி இடங்களை எடுக்க ஆரம்பிச்சிருக்கேன். எக்ஸ்பயரி ஆன பிலிம் போட்டா கலர் மாறி இன்னும் பழசா தெரியுது, எனக்கு அது ரொம்ப பிடிச்சிருக்கு. ஆனா நண்பர் ஒருத்தர், நீ பொறக்காத காலத்துக்கு ஏங்குற, இதெல்லாம் வேஷம்னு சொல்லிட்டார். அப்படியா சார்?

ஒரு வாசகர்

வணக்கம்ங்க,

ஏக்கம் வேஷம் இல்ல. நாம பொறக்குறதுக்கு முன்னாடி எடுத்த தாத்தா பாட்டி கல்யாண போட்டோவப் பார்த்தா தொண்டை அடைக்குதே, அது என்ன வேஷமா? எனக்கு உறுத்துறது அந்த எக்ஸ்பயரி பிலிம்தான்.

பழைய ஆல்பத்துல படம் செவந்துபோய் இருக்குன்னா அது அந்தக் காலத்தோட கலர் இல்லீங்க, பேப்பர்ல இருந்த சாயம் மங்கினது. 60, 70கள்ல போட்ட நிறைய கலர் பிரிண்ட்ல சயான்ங்கற நீலப்பச்சை சாயம் முதல்ல போயிடும், அது போனா செவப்பும் மஞ்சளும்தான் மிஞ்சும். லேப்லேருந்து கைக்கு வந்த அன்னிக்கு அதே படத்துல வானம் நல்ல நீலமாத்தான் இருந்திருக்கும். அந்த இடத்துல பெயிண்ட் உரிஞ்சது நிஜம், நியான் டியூப் உடைஞ்சது நிஜம், அதுக்கு மேல நாம வேற எதுக்கு ஒரு பழசைப் பூசணும்?

ஜான் மார்கோலிஸ்னு ஒரு போட்டோகிராபர், 1969லேருந்து 2008 வரைக்கும் அமெரிக்கா பூரா சுத்தி மோட்டல், டைனர், பங்க், டிரைவ்-இன் தியேட்டர்னு ரோட்டோர கட்டடமா எடுத்துத் தள்ளினார். அதுல 11,710 கலர் ஸ்லைடு இப்ப அமெரிக்காவோட பெரிய அரசு நூலகமான லைப்ரரி ஆப் காங்கிரஸ்ல இருக்கு, ஆன்லைன்லயே பார்க்கலாம், அவசியம் பாருங்க. அவர் போட்டது ஏஎஸ்ஏ 25 பிலிம் (ஏஎஸ்ஏன்னா பிலிம் வெளிச்சத்தை எவ்ளோ வேகமா வாங்கும்ங்கற அளவு), ரொம்ப ஸ்லோ, நல்ல வெளிச்சம் இருந்தாதான் ஆகும், அதனால கலர் அவ்ளோ சுத்தம். அதுல இருக்குற எத்தனையோ கட்டடம் இன்னிக்கு இல்ல, அந்த ஸ்லைடுலதான் இருக்கு.

இன்னொன்னு, அந்த இடம் ஏன் செத்துச்சுன்னும் படத்துல தெரியட்டும். ரூட் 66 வந்தது 1926ல, 1956ல வந்த நெடுஞ்சாலை சட்டத்துக்கு அப்புறம் இன்டர்ஸ்டேட்ங்கற புது விரைவு ரோடுகள் ஒவ்வொரு ஊரா ஒதுக்கிட்டுப் போச்சு, 1985ல அந்த நம்பரையே நெடுஞ்சாலைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்க. டெக்சாஸ், நியூ மெக்சிகோ எல்லையில கிளென்ரியோன்னு ஒரு ஊர், 70கள்ல ஐ-40ங்கற இன்டர்ஸ்டேட் ரோட்டைப் பக்கத்துலயே போட்டாங்க, ஊர் காலி. மோட்டல் போர்டை மட்டும் குளோசப் எடுத்தா அழகா இருக்கும்தான், ஆனா பின்னாடி அந்த புது ரோட்டுல லாரி போறதும் பிரேம்ல இருந்தா எனக்கு அதுதான் படம். அப்புறம், அந்த மோட்டல்கள்ல பலதுல கருப்பின மக்களுக்கு ரூமே தரமாட்டாங்க, எங்க தங்கலாம்னு அவங்களுக்காகவே ஒரு கைடு புத்தகம் 1936லேருந்து 60கள் நடுவரைக்கும் வந்துச்சு. ஏங்குங்க, ஆனா இதையும் தெரிஞ்சுக்கிட்டு ஏங்குங்க.

அடுத்த தடவை புது கலர் நெகட்டிவ் ரோல் போடுங்க. ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, வெளிச்சம் கூடக் குடுத்தாலும் தாங்கும், தாழ்வாரத்து நிழல்ல இருக்குற ரூம் நம்பர்கூட தெளிவா வரும். டெவலப் ஆனதும் நெகட்டிவ் கவர் மேலயே ரோடு நம்பர், ஊர், தேதி எழுதிடுங்க, அந்தக் கட்டடத்தை இடிச்சப்புறம் தேடி வர்றவங்களுக்கு அது வேணும்.