புரையை எடுத்தால் கண் அழுத்தம் ஏன் இறங்குகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. கண்புரையோடு, ‘கோணம்’ குறுகலாக இருக்கிறதென்று அழுத்தத்துக்கும் சொட்டு மருந்து போடுகிறோம். புரையை எடுத்தால் அழுத்தமும் இறங்கும் என்கிறார் டாக்டர். எப்படி? பிறகு சொட்டு மருந்தை விட்டுவிடலாமா?

பதில்: பிரச்சினையே இடநெருக்கடிதான். கண்ணின் லென்ஸ் வயது ஏற ஏறத் தடிக்கும். இந்த வயதில் 4.5 மி.மீ.க்கு மேல்கூட இருக்கும். அது முன்னால் புடைத்து ஐரிஸை, அதாவது கண்ணின் நிறமுள்ள வளையத்தை, தள்ளுகிறது. கார்னியாவுக்கும் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம்) ஐரிஸுக்கும் நடுவே உள்ள அறையின் ஆழம் சாதாரணமாக 3 மி.மீ. அளவு, இப்படிப்பட்ட கண்களில் 2.5-க்கும் கீழே போய்விடும். அந்த அறையின் விளிம்பு மூலைதான் கோணம். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் சல்லடை அங்கேதான் இருக்கிறது. மூலை ஒடுங்கினால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும்.

ஃபேகோ என்னும் புரை ஆபரேஷன் முறையில் 2.2 முதல் 2.8 மி.மீ. கீறல் போட்டு, லென்ஸ் உறையின் முன்பக்கத்தை 5 மி.மீ. வட்டமாகத் திறந்து, உள்ளிருப்பதை உடைத்து உறிஞ்சிவிடுவார்கள். அதே உறைக்குள் வைக்கும் செயற்கை லென்ஸின் தடிமன் நடுவில் ஏறத்தாழ 1 மி.மீ.தான். முட்டுக்கொடுத்தது போனதும் ஐரிஸ் பின்னுக்குச் சாய்கிறது, அறை ஆழமாகிறது, கோணம் திறக்கிறது.

ஆனால் ஐரிஸ் ஏற்கெனவே சல்லடைமேல் ஒட்டிக்கொண்டிருந்தால், லென்ஸை எடுத்தாலும் அந்த இடம் திறக்காமல் போகலாம். கோணத்தில் எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறது என்று கோனியோஸ்கோப்பி (கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கும் சோதனை) செய்த டாக்டரிடம் கேளுங்கள். அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

ஆழமில்லாத அறையில் ஃபேகோ ஊசிமுனை கார்னியாவின் உள்பக்கத்துக்கு மிக அருகில் வேலை செய்கிறது. கார்னியாவில் நீர் தேங்காமல் வெளியேற்றுபவை அங்குள்ள செல்கள்தான், அவை போனால் மறுபடி வளராது. அதனால் முதல் சில நாள் கார்னியா வீங்கி, காலையில் கூடுதலாகப் புகைமூட்டமாகத் தெரியலாம். பெரும்பாலும் தானாக வடியும். வலியோ சிவப்போ கூடினாலும், பார்வை குறைந்துகொண்டே போனாலும் அன்றைக்கே ஓட வேண்டும்.

சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆபரேஷனுக்குப் பயன்படுத்திய ஜெல் உள்ளே மிச்சமிருந்தால் முதல் நாளே அழுத்தம் எகிறலாம். அடுத்து போடும் ஸ்டீராய்டு சொட்டும் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். அது முடிந்தபின், 4 முதல் 6 வாரத்தில் அளப்பதை வைத்தே எந்த பாட்டிலைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்வார். அழுத்தத்தால் பார்வை நரம்பு முன்பே சேதமாகியிருந்தால் சொட்டு தொடரவும் கூடும். சேதமான நரம்பை ஆபரேஷன் மீட்டுத்தராது.

அடுத்த கண்ணிலும் கோணம் பெரும்பாலும் இதே குறுகலாகத்தான் இருக்கும். அதன் சொட்டு மருந்தை ஒரு நாளும் விட வேண்டாம்.