பழைய ஸ்பீக்கர் பெட்டியின் முன்துணியை ஈரத்துணியால் துடைக்கலாமா?

1960களின் பெட்டி, முன்துணியில் அழுக்கு, ஓரத்தில் கிழிசல் என்கிறீர்கள். ஈரம் வேண்டாம். அந்தக் காலப் பருத்தித் துணி நனைந்தால் சுருங்கலாம். பின்னாலிருக்கும் பலகையின் கறையும் ஊறி மேலே வரலாம். முதலில் ஸ்பீக்கரைக் கழற்றித் தனியே வையுங்கள், அதன் காகிதக் கூம்பு ரொம்ப மென்மையானது. அப்புறம் மிருதுவான பிரஷ் மாட்டிய வேக்குவத்தைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பெரும்பாலான தூசி இதிலேயே போய்விடும்.

கிழிசலுக்கு, அதே நிறத்தில் மெல்லிய துணியைப் பின்பக்கம் வைத்து, ஓரங்களில் மட்டும் ஃபெவிகால் தொட்டு ஒட்டுங்கள். பசை நெசவுக் கண்களை அடைத்தால் மேல்ஸ்தாயி ஒலி மங்கும். வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாக மறுபக்கம் வர வேண்டும்.

துணி தொய்ந்திருக்கிறதா? பிளாஸ்டிக் இழை என்றால் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டினால் ஓரளவு இறுகும். பருத்தியைக் கழற்றி, நடுவிலிருந்து மூலை நோக்கி இழுத்து மறுபடி ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும்.