தலைமையகத்துக்கு அனுப்பிய சர்வர் செலவு ராயல்டி ஆகுமா?

கேள்வி: வணக்கம் சார். ஐரோப்பிய வங்கி ஒன்றின் சென்னைக் கிளையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாம் தலைமையகத்து சர்வரில்தான் ஓடுகின்றன. அந்தச் செலவில் எங்கள் பங்கு என்று 2023-24இல் 2 கோடி ரூபாய் அனுப்பினோம், டி.டி.எஸ். பிடிக்கவில்லை. இப்போது வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ். இது ராயல்டியாம், வரி பிடித்திருக்க வேண்டுமாம், பிடிக்காததால் செலவாகவும் ஏற்க முடியாதாம். தலைமையகமோ, "நமக்கு நாமே கொடுத்ததற்கு என்ன வரி? சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போவோம்" என்கிறது. பணம் அனுப்பும் படிவங்களில் கையெழுத்துப் போட்டவன் நான். என் மேல் வழக்கு பாயுமா? இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: முதலில் உங்கள் தூக்கத்தைக் கவனிப்போம். உங்களுக்கு யாரோ வருமான வரிச் சட்டத்தின் 276பி பிரிவைச் சொல்லிப் பயம் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. சிறைத் தண்டனை பேசும் அந்தப் பிரிவு, வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொண்டவர்களுக்கானது. நீங்கள் பிடிக்கவே இல்லை. பிடிக்காததற்கு இருப்பது 271சி: பிடிக்காமல் விட்ட வரி எவ்வளவோ அவ்வளவு அபராதம் விதிக்கலாம். அதுவும் பணம் கொடுத்த வங்கியின் மேல்தான் வரும். நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் 273பி பிரிவின்படி அந்த அபராதமும் விழாது. வரி பிடிக்கத் தேவையில்லை என்று வருமான வரித் தீர்ப்பாயமே சொன்ன வழக்குகள் இருக்கும்போது, அதை நம்பி நடந்ததைவிட நியாயமான காரணம் வேறென்ன? பணம் அனுப்பும்போது, அதற்கு வரி பிடிக்க வேண்டுமா என்பது பற்றி ஆடிட்டர் கொடுத்த 15சிபி சான்றிதழை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இனி வங்கியின் தலைவலி. நோட்டீஸைப் படித்தவர்கள் டி.டி.எஸ். தொகையைப் பார்த்துத்தான் கலங்குவார்கள். நான் கலங்குவது மற்றதற்கு. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டினருக்கான ராயல்டி வரி நம் சட்டத்தில் 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது. 2 கோடிக்கு 40 லட்சம். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுடன் நமக்குள்ள இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு 10 சதவீதம்தான், ஆகவே ராயல்டி என்றே முடிவானாலும் அது 20 லட்சமாகக் குறையும். ஆனால் 40(ஏ)(ஐ) பிரிவின்படி அந்த 2 கோடிச் செலவையே தள்ளிவிட்டால், அது கிளையின் லாபத்தில் ஏறும். அந்த ஆண்டு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வரி 40 சதவீதம். 80 லட்சம், மேல்வரி தனி. வாலைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிடாதீர்கள்.

'ராயல்டி' என்ற சொல்லே கொஞ்சம் குழப்பக்காரச் சொல். 1889இல் பாரசீக மன்னர் நாசிருத்தீன் ஷா, ராய்ட்டர் பிரபுவுக்கு வங்கி நடத்த 60 ஆண்டு உரிமை கொடுத்தார். பிரிட்டிஷ் முதலீட்டில் பாரசீக இம்பீரியல் வங்கி பிறந்தது. நோட்டு அச்சிடும் ஏகபோகமும் அதற்குத்தான். பதிலுக்கு நிகர லாபத்தில் 6 சதவீதம், எப்படியும் 4,000 பவுனுக்குக் குறையாமல், ஆண்டுதோறும் அரசுக்கு. இப்படி உரிமை கொடுத்த அரசு வாங்கும் பங்கையும் ராயல்டி என்பார்கள். உங்கள் வழக்கில் அரசு தன் பங்கைக் கேட்கவில்லை. பதிப்புரிமை, காப்புரிமை, ரகசியச் செய்முறை, சில ஒப்பந்தங்களில் கருவிகள் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கொடுக்கும் விலைதான் இங்கே ராயல்டி. கேள்வி, நீங்கள் எதையாவது அப்படிப் பயன்படுத்தினீர்களா என்பது.

அதற்கு முன்னால், தலைமையகம் சொல்லும் "நமக்கு நாமே" வாதம். அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. கிளை தனி நபர் இல்லை. ஒருவன் தன் வலது சட்டைப்பையிலிருந்து இடது பைக்கு மாற்றினால் வருமானம் பிறக்காது. சுமிட்டோமோ மிட்சுயி வங்கி வழக்கில் 2012இல் மும்பை தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, இந்தியக் கிளை தலைமையகத்துக்குக் கொடுத்த வட்டியைப் பற்றி இதைத்தான் சொன்னது. கிளையைத் தனி ஆளாகக் கருத வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 1996இலேயே போட்ட 740ஆம் சுற்றறிக்கை அங்கே எடுபடவில்லை. அரசு சும்மா இருக்குமா? 2015 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தது: வங்கித் தொழில் செய்யும் வெளிநாட்டு நிறுவனத்தின் கிளை தலைமையகத்துக்குக் கொடுக்கும் வட்டி இந்தியாவில் எழுந்த வருமானமாகவே கருதப்படும், கிளை தனி நபராகக் கொள்ளப்படும். அந்த விளக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வட்டி என்று மட்டும்தான் இருக்கிறது. ராயல்டி பற்றி ஒரு சொல் கிடையாது. தெரிந்தே வட்டிக்கு மட்டும் கற்பனைச் சுவர் கட்டியவர்கள் மற்றதற்குக் கட்டவில்லை என்பது உங்கள் கையில் உள்ள நல்ல ஆயுதம்.

ஆனால் ஒன்று. உங்களுக்கு இன்வாய்ஸ் அனுப்பியது யார்? தலைமையகமே அனுப்பியிருந்தால் மேலே சொன்னது நிற்கும். வங்கிக் குழுமத்தில் தொழில்நுட்பத்துக்கென்று தனிக் கம்பெனி வைத்து அதன் பெயரில் பில் வந்திருந்தால், 'நாமே' என்ற பேச்சுக்கே இடமில்லை. அது சட்டப்படி வேறு ஆள். என்னிடம் வந்த ஒரு கோப்பில், எல்லாரும் ஒரு வருடம் தலைமையகம் தலைமையகம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பில்லின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் உறுதியானது என்பது என் கருத்து. துறை சாய்ந்து நிற்பது 2012 நிதிச் சட்டம் ராயல்டிக்குச் சேர்த்த விளக்கங்களில்: பொருள் உங்கள் வசம் இருக்கிறதா, இந்தியாவில் இருக்கிறதா என்பதெல்லாம் முக்கியமில்லை, மென்பொருளைப் பயன்படுத்துவதும் ராயல்டிதான், அதுவும் 1976 ஜூன் முதலே! ஆனால் 90(2) பிரிவின்படி இரட்டை வரி ஒப்பந்தம் சாதகமாக இருந்தால் ஒப்பந்தமே செல்லும். இங்கே உட்கார்ந்து நாம் நம் சட்டத்தை மாற்றினால் இன்னொரு நாட்டோடு போட்ட கையெழுத்து மாறிவிடாது. 2021 மார்ச் 2இல் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மென்பொருளின் பிரதியை வாங்கிப் பயன்படுத்துவது வேறு, பதிப்புரிமையைப் பயன்படுத்துவது வேறு என்று பிரித்து, ஒப்பந்தத்தின் விளக்கத்தையே வைத்துத் தீர்ப்பளித்தது.

உங்கள் சங்கதிக்கு மிக நெருக்கமானது ஆன்ட்வெர்ப் டைமண்ட் வங்கி வழக்கு. பெல்ஜியத்து வங்கி, மும்பையில் கிளை, அங்குள்ள கணினியில் இங்குள்ள கணக்கு, செலவில் பங்கு. அப்படியே உங்கள் கதை. 2014இல் மும்பை தீர்ப்பாயம் இது ராயல்டி இல்லை என்றது. கணினியின் மேல் கிளைக்கு எந்த உரிமையும் கட்டுப்பாடும் இல்லை என்பதே காரணம். நீங்களும் இதையே காட்ட வேண்டும். காலையில் லாகின் செய்கிறீர்கள், திரையில் பேலன்ஸ் தெரிகிறது, வவுச்சரைப் பதிகிறீர்கள். அந்த சர்வரை உங்கள் கிளையில் யாராவது ஒருவர் ரீஸ்டார்ட் செய்ய முடியுமா? டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவர் பஸ்ஸையே வாடகைக்கு எடுத்தவர் ஆகிவிடுவாரா?

இங்கே ஓர் எச்சரிக்கை. 2 கோடி எப்படி வந்தது என்ற கணக்குத்தாள் வேண்டும். மொத்தச் செலவு, எத்தனை கிளை, எந்த அடிப்படையில் பிரித்தார்கள், அதில் லாபம் ஒரு பைசாவாவது சேர்த்தார்களா, எல்லாமே. 'வங்கியின் பெயர், இலச்சினை பயன்பாட்டுக் கட்டணம்' என்று ஒரு செலவினம் அதற்குள் ஒளிந்திருந்தால் அது எந்த ஒப்பந்தத்தின்படியும் ராயல்டியின் இலக்கணத்துக்குள் வந்துவிடும். அந்தச் செலவினத்துக்கு "நாமே" வாதம் மட்டும்தான் மிஞ்சும். பொது நிர்வாகச் செலவு என்று தலைப்பிட்டிருந்தாலும் சிக்கல்: தலைமையகச் செலவாகக் கிளை கழித்துக்கொள்ளக்கூடிய தொகைக்கு 44சி பிரிவு வைத்துள்ள, வருமானத்தில் 5 சதவீதம் என்ற உச்சவரம்பைத் துறை தூக்கிக்கொண்டு வரும். தலைப்பு கொடுத்தவர் ஐரோப்பாவில் நிம்மதியாக இருப்பார்.

நடுவர் மன்றப் பேச்சை விட்டுவிடச் சொல்லுங்கள். வோடபோன் 2020இல் இந்திய அரசுக்கு எதிராகச் சர்வதேச நடுவர் மன்றத்தில் ஜெயித்தது எல்லார் மனதிலும் நிற்கிறது. அது முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த வழக்கு. அதன் பிறகு 2021இல் பாராளுமன்றம் முன்தேதியிட்ட வரியைத் திரும்பப் பெற்றது உண்மை, ஆனால் அது வெளிநாட்டில் பங்கு கைமாறியதற்கான வரி மட்டும். ராயல்டி விளக்கங்களை யாரும் தொடவில்லை. 2 கோடிக்காக அந்தப் பாதை யானை விலை. தலைமையகத்துக்கு வேறு வழி வேண்டுமென்றால், இரட்டை வரி ஒப்பந்தத்திலேயே இரு அரசுகளின் வரி அதிகாரிகள் பேசித் தீர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. அதை அவர்கள் தங்கள் நாட்டில் கேட்கலாம். அதற்கும் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் மூன்று வருடம்.

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது, இதில்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். செலவைத் தள்ளும் அசெஸ்மென்ட்டில், வெளிநாட்டுக் கம்பெனி என்பதால் 144சி பிரிவின்படி முதலில் வரைவு உத்தரவு வரும். கையில் கிடைத்த 30 நாளுக்குள் தகராறு தீர்க்கும் குழுவிடம் ஆட்சேபம் போட வேண்டும். அது முடியும்வரை வரியைக் கட்டச் சொல்லும் டிமாண்ட் வராது. வரி பிடிக்காததற்கான 201 உத்தரவு அந்தக் குழுவுக்குப் போகாது. நேரே மேல்முறையீட்டு ஆணையர், அதற்கும் 30 நாள். அங்கே டிமாண்ட் உடனே உயிரோடு நிற்கும். 20 சதவீதம் கட்டினால் மீதிக்குத் தடை கொடுப்பது வழக்கம். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறியிருந்தாலும், உங்கள் 2023-24 பணத்துக்கு 1961 சட்டம்தான்.

இப்போது வந்திருப்பது விளக்கம் கேட்கும் நோட்டீஸ்தான் என்றால் உத்தரவு இன்னும் வரவில்லை. பதில் தேதிக்குள் அவகாசம் கேட்டு ஒரு கடிதம் பதிவேற்றிவிட்டு, இன்வாய்ஸ், தலைமையகத்தோடு போட்ட செலவுப் பங்கீட்டு ஒப்பந்தம், கணக்குத்தாள், தலைமையகத்துக்கு மென்பொருள் விற்றவர் கொடுத்த லைசென்ஸின் நகல், தலைமையகத்தின் வரி வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வங்கியின் வக்கீலைப் பாருங்கள். லைசென்ஸில் 'வேறொருவருக்கு மாற்ற இயலாது' என்ற வாசகம் இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள். இருந்தால், அந்த மென்பொருளின் மேல் எந்த உரிமையும் உங்கள் கிளைக்குக் கைமாறவில்லை என்று காட்ட அது உதவும்.