ரெண்டு தெரு, ஒரே ஆளுக

கடிதம்:

அண்ணே வணக்கம், எனக்கு தக்கலை பக்கம், தெனமும் வேலைக்கு நாகர்கோவில் வந்து போறேன். வடசேரில பஸ்ஸ விட்டு இறங்குனா கால் வைக்க இடமில்லாம கப்பும் கவருமா கெடக்கு, அங்கருந்து கொஞ்ச தூரம் நடந்தா இன்னொரு கடைத்தெரு, தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. நம்ம ஆளுகளுக்கு சுத்தம்னா என்னன்னு தெரியாததுதானே காரணம்?

பதில்:

தம்பி, அந்த ரெண்டாவது தெருவுல நடக்கது யாரு, உங்க கூட பஸ்ஸ விட்டு இறங்குன அதே ஆளுகதான. வார வழில சுத்தம் வந்து ஒட்டிக்கிடுமா என்ன.

நானும் வாக்கிங் போற சாக்குல நாலஞ்சு நாளு நின்னு பாத்தேன். காலைல ஆறு மணிக்கெல்லாம் தூய்மைப் பணியாளர் அக்காமாரு தூத்து வாரி வண்டில அள்ளிட்டுப் போயிருதாங்க, ரோடு பளிச்சுன்னு இருக்கு. ஒம்பது மணிக்கு ஷட்டரத் தூக்குத கடைக்காரரு உள்ள கெடக்க தூசி, பழைய பில்லு, பேக்கிங் நாடா, தெர்மாகோல் துண்டு எல்லாத்தையும் வாரியலால படி வழியா ரோட்டுக்குத் தள்ளிட்டு, ரெண்டு கை தண்ணி தெளிச்சு பத்தியும் கொளுத்திட்டு உக்காந்துருதாரு. அது மறுநாள் ஆறு மணி வரைக்கும் அங்கதான் கெடக்கும். நீங்க சொல்லுத நல்ல தெருவுல பாதிப்பேரு கடைக்கு மேலயே குடியிருக்காங்க, அவங்க வாரியல் உள்பக்கமாப் போகுது, அம்புட்டுதான் வித்தியாசம்.

பஸ் ஸ்டாப்புக்கு முன்னாடி, மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில தூணு ஓரம், இதெல்லாம் யாரு வாசலும் இல்ல பாத்துக்கிடுங்க, அங்க கேக்க ஆளே கெடையாது. ஆடி மாசம் ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து வேற சேந்துச்சுன்னா ஒரு கடை கவரு பத்து கடை தாண்டி பூட்டிக் கெடக்க ஷட்டர்ல போயி அடையும், திட்டு வாங்குறது அந்தக் கடைக்காரரு.

அப்புறம் குப்பை குப்பையத்தான் கூப்பிடும். நெதர்லாந்துல குரோனிங்கன்னு ஒரு ஊர்ல நிறுத்தியிருந்த சைக்கிள் ஹேண்டில்ல நோட்டீஸ் மாட்டிவிட்டு பாத்திருக்காங்க, 2008ல வந்த ஆய்வு. பக்கத்துல தொட்டி கெடையாது. செவரு சுத்தமா இருந்தப்ப நூத்துக்கு 33 பேரு நோட்டீஸ கீழ போட்டாங்க, அதே செவத்துல கிறுக்கி வச்சதும் 69 பேரு போட்டுட்டாங்க. இங்கன்னு இல்ல, அங்கயும் மனுசன் மனுசன்தான்.

சட்டம் இல்லாமலா, பிளாஸ்டிக் பூசுன பேப்பர் கப்பெல்லாம் 2019 ஜனவரி 1லயே தடை பண்ணியாச்சு, தடை பண்ணுன 14 அயிட்டத்துல அதும் ஒண்ணு. நேத்து எனக்கு சாயா வந்ததே அதுலதான், நானும் ஒண்ணும் கேக்கல.

அந்த சாயாக்கடை அண்ணாச்சி போன மாசம் ஒரு காலி எண்ணெய் டின்ன வாயி வெட்டி பெஞ்சு ஓரமா வச்சாரு. எழுதியெல்லாம் போடல, எல்லாவனும் ஒழுங்கா அதுல போடுதான். ஆனா பதினோரு மணிக்கு டின் நெறஞ்சிரும், அதுக்கப்புறம் டின்னச் சுத்தி விழும், பாத்து பாத்து கடுப்பாகி இப்ப ரெண்டாவது டின்னும் வச்சிருக்காரு.