பாலும் பிஸ்கட்டும் மட்டுமே கேட்கும் 3 வயதுக் குழந்தையைச் சாதம் சாப்பிட வைப்பது எப்படி?

முதலில் பாலின் அளவைப் பாருங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 500 மி.லி. போதும். அதற்கு மேல் போனால் வயிறு நிறைந்துவிடும். பால் அதிகமானால் இரும்புச்சத்தும் குறையலாம்; அதனால் ரத்தசோகை வந்தால் பசியே மந்தமாகிவிடும். சாப்பாட்டுக்கு முந்தைய 2 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். பிஸ்கட் டப்பா கண்ணிலேயே படக்கூடாது.

தட்டில் 2 ஸ்பூன் குழைந்த பருப்புச் சாதம், அரை ஸ்பூன் நெய், பக்கத்தில் பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த ஏதாவது ஒன்று. புதுக் காய் என்றால் ஒரே ஒரு சின்னத் துண்டு, நன்றாக வெந்தது. துப்பினால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். பத்து, பதினைந்து முறை பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் வாயில் வைக்கும். இரண்டாம் தடவையே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவுகட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

போனைக் காட்டி ஊட்டினால் பசியும் நிறைவும் குழந்தைக்கே தெரியாமல் போகும். வாயில் திணிப்பது அதைவிடக் கெடுதல், தட்டைக் கண்டாலே அழ ஆரம்பிக்கும். 20, 25 நிமிடத்தில் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அழுகிறது என்று உடனே பிஸ்கட் நீட்டாதீர்கள்; அடுத்த வேளையும் அதற்காகவே காத்திருக்கும்.

எடை குறைந்தாலோ விழுங்கத் திணறினாலோ தாமதிக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.