பங்குனி வெயிலும் பூச்சட்டியும்: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): மொட்டைமாடியில் கொச்சி மிளகாய்ச் செடிகள் வைத்திருக்கிறேன் அக்கா. காலையும் பின்னேரமும் தண்ணீர் விட்டும் மதியம் வாடி விழுகின்றன. இன்னும் கூட்டவா?

பதில்: கூட்டாதீர்கள். மதியம் வாடியது பொழுதுபட நிமிர்ந்துவிட்டால் கவலையே வேண்டாம், இலை நீராவியை விடுகிற வேகத்துக்கு வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை, அவ்வளவுதான். நிமிராவிட்டால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடுகிறதென்றால் பெரும்பாலும் வேர் அழுகல், தண்ணீரை நிறுத்த வேண்டும். காய்ந்திருந்தால் வேறு கதை: தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) கலந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் பிறகு தண்ணீரை ஏற்காது, நீங்கள் ஊற்றுவதெல்லாம் சட்டியின் ஓரத்தால் இறங்கி அடி ஓட்டையால் போய்விடும், பார்க்கிறவருக்கு நன்றாக ஊற்றியது போலத்தான் இருக்கும். சட்டியோடு தூக்கி வாளித் தண்ணீருக்குள் வையுங்கள், குமிழ் வருவது நிற்கும் வரை. அப்புறம் சட்டியை வெறும் கொங்கிரீட்டில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்து, மண்ணை உரிமட்டைத் துண்டுகளால் மூடிவிடுங்கள். ஹோஸுக்குள் நின்ற தண்ணீர் சுடும், முதலில் வருவதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி (தெஹிவளை): கொச்சி இலை சுருளுது. வைரஸா?

பதில்: இருக்கலாம், ஆனால் உடனே பிடுங்க வேண்டாம். இலை மேல்நோக்கிச் சுருண்டால் சாறு உறிஞ்சும் பனிப்பூச்சியையும் (த்ரிப்ஸ்), கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியையும் முதலில் சந்தேகிப்பேன். இரண்டுமே மழையில்லாத சூட்டில்தான் பெருகும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவி, வேப்பெண்ணெயோடு சில துளி சவர்க்காரக் கரைசல் கலந்து பொழுதுபட்ட பிறகு தெளியுங்கள். கந்தகத்தூளை இந்த வெயிலில் தொடாதீர்கள், இலை கருகும்.

கேள்வி (மஹரகம): தக்காளி நிறையப் பூக்குது, எல்லாம் உதிருது. உரம் காணாதா?

பதில்: உரம் போட்டால் இலைதான் கூடும். இரவுச் சூடு 24 பாகையைத் தாண்டினால் தக்காளிக்குக் காய் பிடிப்பது கஷ்டம், ஏப்ரலில் கொழும்பு இரவு அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிரான நுவரெலியாவில் காய்க்கிறதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. கத்தரி, வெண்டி, பயற்றை நடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): தை மாதம் நிழலாக இருந்த மூலையில்தான் அந்தூரியம் நிற்குது, இப்போது இலையெல்லாம் மண்ணிறத் திட்டு.

பதில்: மூலை அப்படியேதான் இருக்கிறது, வெயில் இடம் மாறிவிட்டது. தையில் சூரியன் தெற்கே சரிந்திருக்கும், ஏப்ரல் முதல் வாரத்தில் நேர் உச்சிக்கு வரும், பிறகு வடக்குப் பக்கச் சுவருக்கு வெயில் ஏறும். சட்டியை உள்ளே தள்ளுங்கள் அல்லது நிழல்வலை கட்டுங்கள். கருகிய இலை பச்சையாகாது.

கேள்வி (வத்தளை): சட்டிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் விட்டால் நாள் முழுக்க ஈரம் நிற்குமே?

பதில்: நிற்கும், நுளம்பும் நிற்கும். டெங்கு நுளம்பின் முட்டை பொரித்து நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வழக்கு. தட்டில் மணலை நிரப்பி ஈரமாக வைக்கலாம், மேலே தண்ணீர் தேங்காமல்.

கேள்வி (கல்கிசை): இப்போது புதுக் கன்று நடலாமா?

பதில்: பசளித் தண்டு ஊன்றலாம், தாங்கும். பழமரக் கன்றென்றால் மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை இறங்கட்டும், அதுவரை குழியை வெட்டி மாட்டெரு போட்டு விடுங்கள்.